மெக்கானோ: பொம்மையா, பொறியியலா?

ஒரு பழைய அட்டைப் பெட்டியிலிருந்து ஒரே நீளமுள்ள நான்கு பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையின் இரு முனைகளிலும் துளையிட்டு, நூலால் முடிச்சிட்டுப் பிணைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். இப்போது அதன் ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சதுரம் உடனே சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். அடுத்து மூன்று பட்டைகளைப் பிணைத்து ஒரு முக்கோணம் செய்து தள்ளிப் பாருங்கள். அட்டை வளையலாம், கிழியவும் செய்யலாம். ஆனால் முக்கோணத்தின் வடிவம் மாறாது.

ரயில் பாலங்களிலும் மின்கம்பிக் கோபுரங்களிலும் இரும்புச் சட்டங்கள் ஏன் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன என்பதற்கு இதுவே விடை. இந்த உண்மையைப் பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிடலாம். ஆனால் தள்ளிப் பார்த்த விரல் அதை எளிதில் மறப்பதில்லை.

விரலால் அறியும் இந்த முறையையே ஒரு பெட்டிக்குள் அடைத்து விற்றார் ஓர் ஆங்கிலேயர். துளையிட்ட உலோகப் பட்டைகள், அச்சுகள், சக்கரங்கள், நட்டுகள், போல்ட்டுகள் ஆகியவை அடங்கிய அந்தப் பெட்டியின் பெயர் மெக்கானோ. "சிறுவர்களுக்கான பொறியியல்" என்று அதை விளம்பரப்படுத்தினார்கள். அதைப் போற்றுவோர் இன்றும் பலர் உண்டு. பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. அந்தப் பெட்டி உண்மையில் எதைக் கற்றுத் தந்தது? எதைக் கற்றுத் தரவில்லை? புகழ்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் சற்று ஆராய்வோம்.

ஒரு கணக்கரின் யோசனை

பிராங்க் ஹார்ன்பி 1863இல் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். அவர் பொறியாளர் அல்லர். இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வணிகரிடம் கணக்கராக வேலை பார்த்தவர். தம் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் செய்து தருவது அவருடைய வழக்கம். ஒரு பொம்மைக்காகச் செய்த உறுப்பு மற்றொரு பொம்மைக்குப் பயன்படவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக வெட்டவும் துளைக்கவும் வேண்டியிருந்தது. ஒரே உறுப்பைப் பல இடங்களில் பயன்படுத்த முடியாதா என்று அவர் யோசித்தார்.

அவர் கண்ட வழி மிக எளியது. தகட்டை அரை அங்குல அகலமுள்ள பட்டைகளாக வெட்டினார். ஒவ்வொரு பட்டையிலும் அரை அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் சம இடைவெளியில் துளைகள் இட்டார். அச்சும் போல்ட்டும் அதே துளைகளில் நுழையும்படி செய்தார். இப்போது எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். இந்த யோசனைக்கு 1901 ஜனவரியில் காப்புரிமை கோரினார். அதற்கான செலவுக்குத் தம் முதலாளியிடமே 5 பவுன் கடன் வாங்கினார்.

முதலில் விற்பனைக்கு வந்த பெட்டியில் 16 வகை உறுப்புகளே இருந்தன. 12 மாதிரிகளைச் செய்வதற்கான குறிப்பும் இருந்தது. லிவர்ப்பூலில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹீலி-ஷா அதைப் பாராட்டினார். 1907இல் மெக்கானோ என்ற பெயர் பதிவு செய்யப்பட்டது. 1914இல் லிவர்ப்பூலின் பின்ஸ் ரோடு என்னும் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916இல் மெக்கானோ இதழ் தொடங்கியது. 1926இல் சிவப்பு, பச்சை வண்ணங்கள் வந்தன. ஹார்ன்பி 1931இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார்; 1936இல் காலமானார். ஒரு கணக்கரின் வீட்டு வேலை உலகெங்கும் விற்பனையாகும் பண்டமாக மாறியது.

அரை அங்குலத்தில் அடங்கிய கணிதம்

மெக்கானோவின் உயிர் அந்த அரை அங்குல இடைவெளியில்தான் இருக்கிறது. அதில் எவ்வளவு கணிதம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

மெக்கானோப் பட்டைகளில் 2 அங்குலம், இரண்டரை அங்குலம், 3 அங்குலம் என்ற மூன்று நீளங்கள் உண்டு. இம்மூன்றையும் முனைத் துளைகளில் பிணைத்து ஒரு முக்கோணம் செய்தால் செங்கோண முக்கோணம் கிடைக்கும். இது எப்படி? 2, இரண்டரை, 3 என்ற எண்கள் பிதாகரஸ் தேற்றத்துக்குப் பொருந்தாவே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் இங்கே கணக்கிட வேண்டியது பட்டையின் நீளத்தை அன்று, முனைத் துளைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை. 2 அங்குலப் பட்டையில் துளைகள் 4. அவற்றுக்கு இடைப்பட்ட இடைவெளிகள் 3. மற்ற இரண்டிலும் இடைவெளிகள் முறையே 4, 5. ஆக, நமக்குக் கிடைப்பது பழம்பெரும் 3, 4, 5 முக்கோணம்! வேலி கட்டும்போது கம்பங்களை எண்ணுவதா, இடைவெளிகளை எண்ணுவதா என்று குழம்பியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று.

இனி, பக்கத்துக்கு 5 இடைவெளி கொண்ட ஒரு சதுரம் செய்து அதற்கு மூலைவிட்டம் போட முயலுங்கள். மூலைவிட்டத்தின் நீளம் ஏறத்தாழ 7.07 இடைவெளி. பட்டையில் 7ஆவது இடைவெளியின் முடிவில் துளை உண்டு, 7.07இல் துளை கிடையாது. சற்றே இழுத்துப் பிடித்து 7இல் போல்ட்டை முடுக்கினால் அது பொருந்திவிடும். ஆனால் மூலையின் கோணம் 90 பாகையாக இராது. சுமார் 89 பாகையாகிவிடும். எவ்வளவு பெரிய சதுரம் செய்தாலும் மூலைவிட்டம் ஒரு துளையின் மேல் மிகச் சரியாக விழவே விழாது. 2இன் வர்க்கமூலம் ஒரு விகிதமுறா எண் என்று வகுப்பில் படிக்கிறோம். துளை பொருந்தாமல் விரல் வலிக்கும்போது அதன் பொருள் விளங்குகிறது.

பற்சக்கரங்களைக் கவனியுங்கள். 57 பற்கள் உள்ள சக்கரமும் 19 பற்கள் உள்ள சக்கரமும் ஓர் அங்குலத் தொலைவில் உள்ள இரு அச்சுகளில் ஒன்றோடொன்று இணைகின்றன. பெரியது ஒருமுறை சுற்றினால் சிறியது மூன்று முறை சுற்றும். 50 பற்களும் 25 பற்களும் கொண்ட சக்கரங்களும் அதே ஓர் அங்குலத் தொலைவில் இணைந்து 2க்கு 1 என்ற விகிதத்தைத் தருகின்றன. ஆனால் முதல் இணையின் பற்களைக் கூட்டினால் 76, இரண்டாம் இணையைக் கூட்டினால் 75. பற்களின் அளவு ஒன்றாக இருக்கையில் இரண்டு இணைகளும் ஒரே தொலைவில் மிகச் சரியாகப் பொருந்த முடியாது. இரண்டாவது இணை மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தளர்ந்துதான் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் அடக்க விரும்பினால் எங்கேனும் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். பொறியியலில் இது நாள்தோறும் நடப்பது. பெட்டியின் விளம்பரம் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பெட்டி அதைக் கற்றுத் தந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பொம்மை

மெக்கானோவின் பெருமையைச் சொல்வோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்காக அமெரிக்காவில் வன்னேவர் புஷ் என்பவர் ஒரு மாபெரும் எந்திரத்தை 1931இல் உருவாக்கியிருந்தார். அதன் பெயர் டிஃபரன்ஷியல் அனலைசர். மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரி அமெரிக்கா சென்று அதை நேரில் கண்டார். அதன் அமைப்பைப் பார்த்தபோது மெக்கானோ அவர் நினைவுக்கு வந்தது. 1934இல் அவரும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே அத்தகைய எந்திரம் ஒன்றைச் செய்து முடித்தார்கள். செலவு ஏறத்தாழ 20 பவுன். பிழை சுமார் 2 விழுக்காடு.

அது எப்படிக் கணக்கிட்டது? கிடையாகச் சுழலும் ஒரு தட்டின் மேல் ஒரு சிறு சக்கரம் செங்குத்தாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் மையத்தில் சக்கரம் நின்றால் அது சுழலாது. மையத்தை விட்டு விலக விலக வேகமாகச் சுழலும். விலகும் தூரத்தை ஒரு வளைகோட்டின் உயரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வந்தால், சக்கரம் சுற்றிய மொத்தச் சுற்று அந்த வளைகோட்டின் கீழ் அடங்கிய பரப்பைத் தரும். அதுவே தொகையீடு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தட்டின் மேல் மெல்லத் தொட்டு நிற்கும் சக்கரத்துக்கு வலு மிகக் குறைவு. அது ஒரு பற்சக்கரத்தைத் திருப்ப முயன்றாலே வழுக்கிவிடும். அதன் வலுவைப் பெருக்க ஒரு தந்திரம் செய்தார்கள். முரட்டுக் காளையின் கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன்கூட அதைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? கயிற்றுக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள உராய்வு, சிறுவனின் சிறு விசையைப் பன்மடங்காக்குகிறது. கட்டுத்தறிக்குப் பதிலாக மின்மோட்டாரால் சுழலும் உருளைகள். கயிற்றுக்குப் பதிலாக நூல். சிறு சக்கரம் நூலை இலேசாக இறுக்கினால் போதும். உருளை பெரும் முறுக்குவிசையுடன் அச்சைத் திருப்பும்.

இந்தப் பொம்மை எந்திரம் அணுவின் அமைப்பு பற்றிய கணக்குகளுக்குப் பயன்பட்டது. அது தந்த நம்பிக்கையில் 1935இல் மான்செஸ்டரில் முழு அளவு எந்திரம் ஒன்றும் நிறுவப்பட்டது. கேம்பிரிட்ஜில் செய்த மற்றொரு மெக்கானோ எந்திரம் இப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைப் போன்ற நிகழ்ச்சிகள் வேறு நாடுகளிலும் நடந்தன. அமெரிக்காவில் ஏ. சி. கில்பர்ட் 1913 முதல் விற்ற எரெக்டர் என்னும் பெட்டியின் உறுப்புகளைக் கொண்டு, ஏல் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் வில்லியம் சூவெல் ஓர் இதய எக்கியைச் செய்தார். 1949இல் ஒரு நாயின் இதயத்துக்கு உதவியாக அது வேலை செய்தது. அதற்கான செலவு சுமார் 25 டாலர்தான். செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியலறிஞர் ஓட்டோ விக்டர்லே மென்மையான கண்வில்லையை உருவாக்க முயன்றபோது, அதற்கான அரசு ஆதரவு நிறுத்தப்பட்டது. 1961 கிறிஸ்துமஸ் நாள்களில் அவர் தம் வீட்டிலேயே, மெர்க்கூர் என்னும் உலோகப் பொம்மைப் பெட்டியின் உறுப்புகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு சுழல் எந்திரம் அமைத்தார். சுழலும் அச்சில் இட்ட திரவம், மையவிலக்கு விசையால் வில்லையின் வடிவம் பெற்று இறுகியது. இன்று கோடிக்கணக்கானோர் அணியும் மென்வில்லைகளுக்கு அதுவே தொடக்கம்.

இவற்றைப் படிக்கையில் வியப்பு உண்டாகிறது. ஆயினும் இவற்றிலிருந்து நாம் அவசரமாக ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஹார்ட்ரியும் சூவெலும் விக்டர்லேயும் தாங்கள் செய்ய வேண்டியது எது என்பதை முன்பே அறிந்தவர்கள். பெட்டி அவர்களுக்கு அறிவைத் தரவில்லை. அவர்களுடைய எண்ணத்தைக் குறைந்த செலவில் விரைவாகச் சோதித்துப் பார்க்க வழி தந்தது. தவறானால் கழற்றி வேறு விதமாக மாட்டலாம். இந்த வசதியே அதன் உண்மையான சிறப்பு.

விளம்பரம் சொல்லாதவை

இப்போது குறைகளுக்கு வருவோம்.

முதற்குறை, பெட்டியோடு வந்த கையேடு. எந்தப் பட்டையை எந்தத் துளையில் பொருத்துவது என்பதைப் படம் சொல்லிவிடும். சிறுவன் படத்தைப் பார்த்து அப்படியே மாட்டுவான். பாரந்தூக்கி எழுந்து நிற்கும். ஆனால் அந்தக் குறுக்குச் சட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்று அவன் கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை. விடைக் குறிப்பைப் பார்த்துக் கணக்கை எழுதிய மாணவனின் நிலைதான் இது. கையேட்டை மூடிவைத்த பிறகே பாடம் தொடங்குகிறது.

இரண்டாவது, அளவைப் பற்றியது. மெக்கானோப் பாலம் ஒன்று அசையாமல் நிற்பதைக் கண்டு, இதையே பெரிதாகக் கட்டினால் உண்மையான பாலமாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். அது தவறு. ஒரு பாலத்தின் நீளம், அகலம், உயரம் அனைத்தையும் 10 மடங்காக்கினால் சட்டங்களின் குறுக்குப் பரப்பு 100 மடங்காகும். எடையோ 1000 மடங்காகும். ஆகவே ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்க வேண்டிய சுமை 10 மடங்காகிவிடுகிறது. சிறிய மாதிரியில் எஃகுப் பட்டை மிகையான வலுவோடு இருப்பதால் எதுவும் முறிவதில்லை. எது எப்போது முறியும் என்பதை அறிவதே பொறியாளரின் முதற்கடமை. அந்தப் பாடம் பெட்டியில் இல்லை.

மூன்றாவது, வணிகத் தந்திரம். பெட்டிகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. ஒரு பெட்டியை அடுத்த எண்ணுக்கு உயர்த்த இடைநிலைப் பெட்டி ஒன்றை வாங்கலாம். 1937 முதல் வரிசை 10 வரை சென்றது. 10ஆம் எண் பெட்டி இழுப்பறைகளோடு கூடிய மரப்பேழையில் வந்தது. அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே எட்டும். கையேட்டின் பிற்பகுதியில் உள்ள படங்களைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

நான்காவது, எல்லாவற்றிலும் பெரிய குறை. "சிறுவர்களுக்கான பொறியியல்" என்ற சொற்களை மறுபடியும் படித்துப் பாருங்கள். பெட்டி மூடியிலும் விளம்பரத்திலும் சிறுவர்களே இருந்தார்கள். சிறுமியரின் விரல்களுக்கு நட்டைத் திருகத் தெரியாது என்று எந்த அறிவியல் சொல்லிற்று? வீட்டில் அண்ணனுக்கு வந்த பெட்டியைத் தங்கை தொட்டுப் பார்க்கவும் தயங்கிய காலம் அது. ஒரு நாட்டின் பிள்ளைகளில் பாதிப் பேரை ஒதுக்கிவிட்டுப் பொறியியல் கற்பித்தோம் என்று பெருமை கொள்வது முறையன்று.

எது வீழ்ந்தது?

பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. பிரான்சின் கலே நகரில் 1959இல் தொடங்கிய தொழிற்சாலை பெயரைக் காப்பாற்றி வந்தது. 2013இல் கனடாவின் ஸ்பின் மாஸ்டர் நிறுவனம் மெக்கானோவை வாங்கியது. கலே தொழிற்சாலையை மூடும் முடிவு 2023இல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டிலும் இதே கொள்கையைக் கொண்ட உலோகப் பெட்டிகள் மெக்கானிக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன.

வேதியியலுக்காக 1996இல் நோபல் பரிசு பெற்ற ஹரால்டு குரோட்டோ மெக்கானோவின் வீழ்ச்சியைக் கண்டு மிக வருந்தினார். பிளாஸ்டிக் கட்டிகளான லெகோ அதன் இடத்தைப் பிடித்தது பொறியியல் கல்விக்கு நேர்ந்த பேரிழப்பு என்றார். நட்டைத் திருகும்போது கழன்றுவிடாத அளவுக்கு இறுக்க வேண்டும்; மரை தேய்ந்துவிடும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. இந்தக் கைப்பக்குவமே மிக முக்கியமான திறமை என்பது அவர் கருத்து.

இதில் உண்மை இருக்கிறது. பிளாஸ்டிக் கட்டி பொருந்தும், அல்லது பொருந்தாது, இடைநிலை இல்லை. நட்டுக்கோ தளர்ச்சி, பதம், மிகை என்று மூன்று நிலைகள் உண்டு. சைக்கிள் கடையில் வேலை பழகும் சிறுவன் ஸ்பானரைப் பிடித்த சில நாள்களில் இதைக் கற்றுக்கொள்கிறான். ஆயினும் குரோட்டோ குற்றத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் போட்டதை ஏற்க இயலவில்லை. மெக்கானோ வீழ்ந்தது உலோகம் போனதால் மட்டுமன்று. பிற்காலப் பெட்டிகள் பல, ஒரு குறிப்பிட்ட காரையோ விமானத்தையோ மட்டும் செய்வதற்கென்றே வந்தன. அவற்றில் உள்ள வளைந்த தகடு அந்தக் காருக்கே உரியது. வேறு எதற்கும் உதவாது. ஹார்ன்பி எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத் துளையிட்ட பட்டையைக் கண்டுபிடித்தாரோ, அதே தொல்லை திரும்பி வந்துவிட்டது. பட்டையின் பெருமையே அது எதற்கும் தனியாக உரியதன்று என்பதில்தான் இருந்தது. இன்று அது பாலம், நாளை தறி, மறுநாள் கடிகாரம்.

குரோட்டோவின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்தது 60 கரி அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறு. 1985இல் அதன் வடிவம் புலப்படாமல் அவர்கள் திகைத்தபோது, குழுவில் இருந்த ரிச்சர்ட் ஸ்மாலி ஓர் இரவு தாளில் ஐங்கோணங்களையும் அறுகோணங்களையும் வெட்டி ஒட்டிப் பார்த்தார். 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும் சேர்ந்து பந்தாக மூடிக்கொண்டன. அங்கே நட்டும் இல்லை, ஸ்பானரும் இல்லை. தாளும் ஒட்டும் நாடாவும்தான் இருந்தன.

நீங்கள் செய்யக்கூடியது

ஆகவே மெக்கானோ பொம்மையா, பொறியியலா? கையேட்டைப் பார்த்து மாட்டியவனுக்கு அது பொம்மை. கையேட்டை மூடிவிட்டுச் சதுரம் ஏன் சாய்கிறது என்று கேட்டவனுக்கு அது பொறியியல். பழைய பெட்டி சேர்ப்போர் கீறலே இல்லாத பெட்டிக்கு மிகுந்த விலை கொடுக்கிறார்கள். கீறல் இல்லாத பெட்டி என்றால் அதை எந்தப் பிள்ளையும் திறந்து விளையாடவில்லை என்பதுதானே பொருள்!

பிள்ளைகளுக்குக் கட்டுமானப் பொம்மை வாங்கப் போகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அதிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் பல இடங்களில் பயன்படுமா? மாட்டியதைச் சிதையாமல் கழற்ற முடியுமா? படத்தில் இல்லாத ஒன்றை அதைக் கொண்டு செய்ய முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உலோகமோ பிளாஸ்டிக்கோ மரமோ, வாங்கலாம். அதை வீட்டிலுள்ள பெண்ணுக்கும் பையனுக்கும் பொதுவாகக் கொடுங்கள்.

வாங்க வசதி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் வெட்டிய அட்டைப் பட்டைகள் இன்னும் உங்கள் கையில் இருக்கின்றன. இப்போது புதிதாக மூன்று பட்டைகளை வெட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துளை வீதம் இடுங்கள். 3, 4, 5 இடைவெளிகளில் முனைகளைப் பிணைத்துச் செங்கோணம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு 5 இடைவெளிச் சதுரத்துக்கு மூலைவிட்டம் போட முயலுங்கள். துளை பொருந்தாது. எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு அளவு எங்கிருந்து வந்தது என்று உங்கள் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். அவரும் ஒரு பட்டையைக் கையில் எடுப்பார்.